ஆசியக் கோப்பையில் இந்தியா: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கால்பந்து ஆசியக் கோப்பையில் இந்தியா என்று பேச்செடுத்தாலே உடனே 1964ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டாம் இடம், சரிதான். தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று ஜெயித்ததும் இந்தர் சிங் இரண்டு கோல் போட்டதும் உண்மை. ஆனால் இஸ்ரேலில் நடந்த அந்தப் போட்டியில் ஆடியதே நான்கு அணிகள்தான், அதுவும் தகுதிச் சுற்றில் நம் பிரிவில் இருந்த மற்ற எல்லோரும் விலகிக்கொண்டதால் நாம் நேராகப் போய் இறங்கினோம். என்னைக் கேட்டால் நமக்கு நிஜமாகவே கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனது 2019தான். அப்போது அமீரகத்தில் வேலை, அதனால் மைதானத்திலேயே இருந்தேன்.

ஜனவரி 6, அபுதாபி அல் நஹ்யான் மைதானம், தாய்லாந்துடன் முதல் மேட்ச். கேலரியில் பாதிக்கு மேல் மலையாளிகள், அவர்கள் செண்டை கொட்ட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது காதில் விழாது. நம் சுனில் சேத்ரி பெனால்டியில் ஒன்று போட்டார், தீரசில் டாங்டா தலையால் முட்டிச் சமன் செய்தார், இடைவேளை வரை 1-1. டீ வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து உட்காருவதற்குள் சேத்ரியின் இரண்டாவது கோல். அப்புறம் அனிருத் தாபா கோல்கீப்பர் தலைக்கு மேலே அலுங்காமல் தூக்கிவிட்ட அந்தப் பந்து இருக்கிறதே, அதை எத்தனை தடவை யூடியூபில் பார்த்தாலும் நேரில் பார்த்ததற்கு ஈடாகாது. கடைசியாக, மாற்று ஆட்டக்காரராக வந்த கையோடு ஜெஜே ஒன்று. தாபா, ஜெஜே இரண்டு பேருமே அப்போது சென்னையின் எஃப்சி கிளப் ஆட்கள், நாங்கள் சும்மா இருப்போமா! 4-1. 1964க்குப் பிறகு இந்தத் தொடரில் நமக்கு முதல் வெற்றி. மறுநாளே தாய்லாந்து தன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அமீரகத்துடன் 2-0 தோல்வி. ஸ்கோரை மட்டும் பார்ப்பவர்களுக்கு உதாந்தாவும் ஜிங்கனும் அடித்தது கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது தெரியாது.

சரி, ஷார்ஜா. பஹ்ரைனுடன் டிரா செய்தால் போதும், நாக் அவுட் சுற்றுக்குப் போய்விடலாம். 90 நிமிடமும் 0-0 என்றே ஓடிவிட்டது. கீப்பர் குர்பிரீத் எதையெல்லாமோ தடுத்தார், நாங்கள் யாரும் உட்காரவே இல்லை. இஞ்சுரி டைமில் அன்றைய கேப்டன் பிரணய் ஹல்தர் பெனால்டி பெட்டிக்குள் காலை நீட்டி ஃபவுல் செய்தார், பஹ்ரைனின் ஜமால் ரஷித் பெனால்டியைப் போட்டார், முடிந்தது. அதே நேரம் அல் ஐனில் அமீரகமும் தாய்லாந்தும் 1-1. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த ஒரு பெனால்டி இல்லையென்றால் நமக்கும் தாய்லாந்துக்கும் தலா 4 புள்ளி, அவர்களை ஜெயித்திருந்ததால் இரண்டாம் இடம் நமக்கு. பெனால்டியால் கிடைத்தது கடைசி இடம். பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் அங்கேயே ராஜினாமா செய்தார். ஹல்தரை மட்டும் போட்டுத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆரம்பத்திலிருந்தே பின்னால் பதுங்கி டிராவுக்கு ஆடினால் கடைசியில் எவனாவது ஒருவன் கால் நீட்டத்தான் செய்வான்.

தோஹாவில் 2011, 2024 பார்த்தவர்களும் எழுதுங்கள்.

*

தோஹாக்காரன் நான். 2011இல் ஆஸ்திரேலியாவுடன் 4-0, பஹ்ரைனுடன் 5-2, கொரியாவுடன் 4-1, மூன்றும் தோல்விதான். ஆனால் கொரியா மேட்சில் நம் கீப்பர் சுப்ரதா பால் பாய்ந்து பாய்ந்து தடுத்ததைப் பார்த்திருந்தால் 4-1 என்று சலித்துக்கொள்ள மாட்டீர்கள், அவர் இல்லையென்றால் அது பத்தைத் தொட்டிருக்கும். அன்று நமக்கு எதிராகக் கடைசி கோலைப் போட்ட பையன் யார் தெரியுமா? பின்னாளில் உலக நட்சத்திரமான சன் ஹியுங்-மின், நாட்டுக்காக அவர் அடித்த முதல் கோல் அது.

2024 பற்றி என்ன சொல்ல. அல் பைத் மைதானத்தில் நீல ஜெர்சியோடு அவ்வளவு கூட்டம், சிரியாவிடம் 1-0. மூன்று மேட்சிலும் சேர்த்து ஒரு கோல்கூட இல்லை. 1984இல் சிங்கப்பூரிலும் கோலே இல்லை, ஆனால் அப்போது ஈரானுடன் 0-0 டிரா என்று ஒரு புள்ளியாவது வந்தது.

*

அந்தச் சிங்கப்பூர்தான் 2025 அக்டோபரில் கோவாவுக்கே வந்து 2-1 என்று நம்மை ஜெயித்து 2027 வாய்ப்பையும் பறித்துக்கொண்டு போனது. நம் சாங்தே முதலில் கோல் போட்டும் இந்தக் கதி. இதில் எந்தப் பெனால்டியைக் குறை சொல்வது?