கீகல் செய்தவர்கள் இருக்கிறீர்களா? நான் ஆறு மாதம் தலைகீழாகச் செய்தேன்

கோவை அம்மிணி:
இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தும்மினால் சிறுநீர் கசியும். இங்கே யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வீடியோ பார்த்து ஆறு மாதம் கீகல் செய்தேன், சிறுநீரை அடக்கும் தசைக்கான பயிற்சி. டிவி முன்னால், பஸ்ஸில், சாதம் வேகும்போது. குறையவே இல்லை, கொஞ்சம் கூடின மாதிரிதான் இருந்தது. கடைசியில் டாக்டர் ஒரு பிசியோவிடம் அனுப்பினார்.

அந்த அம்மா கையுறை போட்டு, உள்ளே ஒரு விரலை வைத்து, "இப்ப செய்யுங்க" என்றார். செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சுருங்க, முழு மனசோடு. அவர் சிரிக்கவில்லை. "மேலே இழுக்கச் சொன்னா கீழே முக்குறீங்களேம்மா" என்றார்.

பிரசவ அறையில் மூன்று பேர் சேர்ந்து கத்தியது அந்த வார்த்தையைத்தான். "முக்கும்மா, இன்னும் முக்கு." அந்த இடத்துக்கு வேறு எந்த வேலையும் யாரும் சொல்லித் தந்ததில்லையே. தாங்க வேண்டிய தசையைத் தினம் மூன்று வேளை நானே கீழே தள்ளியிருக்கிறேன். மேசையில் படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

பட்டுக்கோட்டை மருமகள்:
எனக்குத் தாளில் அச்சடித்தே கொடுத்தார்கள். "இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தவும்." இடுப்பு தெரியும், தளம் தெரியும். இரண்டும் சேர்ந்தால் எங்கே இருக்கிறது? ஒரு வாரம் வயிற்றை எக்கிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போனபோது கிராமச் செவிலியர்தான் சொன்னார்: "பந்தியில உட்கார்ந்திருக்கே, காத்து பிரியப் பார்க்குது. என்ன செய்வே? அதைச் செய். அப்படியே ஒன்னுக்கு அடக்குற மாதிரி முன்பக்கத்தையும் சேர்த்து மேலே இழு." சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அங்கேயே கசிந்துவிட்டது. ஆனால் தசை எதுவென்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

மழைக்காலம்82:
கோவை அம்மிணிக்கு: எல்லோருக்கும் கீகல் என்று பரப்பாதீர்கள். எனக்குக் கசிவு கிடையாது, வலி. கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார முடியாது. கணவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு பூட்டிக்கொள்ளும். யாரோ சொன்னார்கள் என்று கீகல் செய்ததில் வலி கூடியதுதான் மிச்சம். சோதித்த டாக்டர், தசை தளர்ந்து போகவில்லை, இறுகிக் கிடக்கிறது, முதலில் விடப் பழகு என்றார். வயிறு வரை மூச்சை இழுத்து, கீழே தளரவிடுவது, அவ்வளவுதான் பயிற்சி. "நாள் முழுக்க இப்படி வெச்சிருந்தா வலிக்காதா?" என்று என் கையைப் பிடித்து முஷ்டியாக மடக்கினார். பிறகு ஒவ்வொரு விரலாக அவரே விரித்துவிட்டார். அழுதுவிட்டேன். ஏன் அழுதேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கோவை அம்மிணி:
நான் எங்கே பரப்பினேன்? தப்பாகச் செய்தேன் என்றுதானே எழுதினேன்.

சிசேரியன் அம்மா:
"உனக்கென்ன, மேல் வழியா எடுத்தாங்க" என்பார் என் நாத்தனார். பத்து மாதம் சுமந்தது எந்த வழியாம்? பையன் பள்ளி விளையாட்டு விழாவில் அம்மாக்களுக்குக் கயிறு தாண்டும் போட்டி. நான்காவது தாண்டலில் நின்றுவிட்டேன். சாம்பல் நிறச் சுடிதார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நர்ஸ் அக்கா (ஓய்வு):
என் கதை சின்னது. முப்பது வருட வார்டு வேலை, ஒன்றுக்குப் போக நேரம் கிடையாது, 52 வயதில் மாதவிடாய் நின்றதும் கசிய ஆரம்பித்தது, பயிற்சி செய்தேன், நின்றது.

இனி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கீகல் என்பது ஆள் பெயர். ஆர்னால்டு கீகல், அமெரிக்க மகளிர் மருத்துவர், 1948-ல் இதை எழுதினார். அவர் வாயால் சொல்லி அனுப்பிவிடவில்லை. உள்ளே வைத்தால் தசையின் அழுத்தத்தைக் காட்டும் கருவி ஒன்றையும் செய்து வைத்திருந்தார். அம்மிணி, உங்கள் வீடியோவில் இல்லாதது அதுதான். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பத்து நாளில் விட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்தால் அதே அளவு விட வேண்டும். மழைக்காலம் சொன்னது சரி, விடுவதும் பாதிப் பயிற்சி. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு நிற்காது. சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள், பை முழுசாகக் காலியாகாது. கசிகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், தினமும் முக்கினால் பயிற்சி செய்தும் வீண். முக்கியமாக, தும்மலோ இருமலோ வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு பிடித்தால் பிரயோஜனமில்லை. ஒன்றுக்குப் போகும்போது ரத்தம், எரிச்சல் என்றால் பயிற்சியில் உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். இன்னும் இருக்கிறது, பேரன் வந்துவிட்டான்.

தாமிரபரணி:
என் அம்மாவுக்கு 64 வயது. கொல்லையில் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, கொடியில் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்தார். கேட்டதும், "அடி இறங்கிடுச்சுடி, அப்பா இருக்கும்போதே" என்றார். அப்பா போய்ப் பதினோரு வருஷம்.

அந்த அளவுக்கு இறங்கின கர்ப்பப்பையைப் பயிற்சி மட்டும் மேலே ஏற்றாது என்று சொல்லி, அதைத் தாங்க டாக்டர் உள்ளே வளையம் வைத்தார். பயிற்சியும் செய்யச் சொன்னார், செய்கிறார். இப்போது பஸ் ஏறிக் கோயிலுக்கும் போய் வருகிறார். நர்ஸ் அக்கா, முன்னாடியே கூட்டிப் போயிருக்கலாமே என்று எழுத வராதீர்கள். அந்தத் துணியை நான் முதல் முறை பார்த்தது நாலு வருஷத்துக்கு முன்னால். அப்போது கேட்கவில்லை.

கோவை அம்மிணி:
நர்ஸ் அக்கா, இன்றைக்குச் சாம்பார் பொடிக்கு மிளகாய் வறுத்தேன். மூன்று தும்மல். முதல் இரண்டுக்கும் முன்னாலேயே பிடித்துவிட்டேன், ஒரு சொட்டு இல்லை. மூன்றாவது சொல்லாமல் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பாவாடை மாற்றப் போனேன்.