இஸ்தான்புல் போறோம்: கைடு புக் வாங்கலாமா, இல்ல போனே போதுமா?

கோவை_வாசு
மக்களே ஒரு டவுட். அக்டோபர்ல குடும்பத்தோட இஸ்தான்புல் போறோம். நான், வீட்டம்மா, எட்டாவது படிக்கிற பொண்ணு, கூட எங்கப்பா. அப்பா ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார், 1453-ல கான்ஸ்டாண்டிநோபிள் (இஸ்தான்புல்லோட பழைய பேரு) துருக்கிக்காரங்ககிட்ட விழுந்த கதைய சர்வீஸ் பூரா பசங்களுக்கு சொல்லிக்கொடுத்தவரு, இப்போ நேர்லயே பாக்கப்போறோம்னதும் "நல்லதா ஒரு கைடு புக் வாங்குடா"ன்னு தினம் நச்சரிப்பு. எல்லாம் போன்ல இருக்குப்பான்னா காதுலயே போட்டுக்கல. கடைல விசாரிச்சா புதுசு ரெண்டாயிரம் ரூபா கிட்ட வருது, பழைய புக் கடைல 2017 பதிப்பு ஒண்ணு முன்னூறுக்கு கிடக்குது. புதுசா, பழசா, இல்ல ரெண்டுமே தண்டமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

நெட்பேக்_கார்த்தி
ப்ரோ, தண்டம். குறிப்பா அந்த 2017 புக்க தொட்றாதீங்க, அதுல ஏர்ப்போர்ட்டே வேற! அத்தாதுர்க் ஏர்ப்போர்ட்லேருந்து ஊருக்குள்ள எப்படி வர்றதுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருப்பான், ஆனா 2019 ஏப்ரல்லயே பேசஞ்சர் ஃப்ளைட்ட எல்லாம் ஊருக்கு வடக்கால இருக்கற புது ஏர்ப்போர்ட்டுக்கு மாத்தியாச்சு, 2023-லேருந்து அங்க மெட்ரோவும் வந்துடுச்சு. ஹாகியா சோஃபியாவ (மொதல்ல சர்ச்சா கட்டி, அப்பறம் மசூதியா இருந்தது) மியூசியம்னு போட்டிருக்கும், 2020 ஜூலைல அது திரும்ப மசூதி ஆயிடுச்சு. 2024 ஜனவரிலேருந்து டூரிஸ்ட்டுக்கு மாடி மட்டும்தான், டிக்கெட் 25 யூரோ, கீழ் ஹால் தொழுகைக்கு வர்றவங்களுக்கு. இதெல்லாம் எந்த பழைய புக்ல இருக்கும்? விலை பத்தி கேக்கவே வேணாம், 2019-ல ஒரு லிரா (துருக்கி காசு) நம்ம காசுக்கு பன்னெண்டு ரூபா சுமாரு, இப்போ ரெண்டு ரூபா சொச்சம், அங்க லிரால விலை ஏறின வேகத்துக்கு புக்ல "இந்த கடைல சாப்பாடு இவ்ளோ"ன்னு இருக்கறத பாத்தா சிரிப்புதான் வரும். யூட்யூப்ல தமிழ்லயே வீடியோ கொட்டிக்கிடக்கு, அப்பாக்கு டிவில போட்டு காட்டுங்க போதும்.

பழையபேப்பர்_ராஜி
கார்த்தி தம்பி சொன்ன தகவல் எல்லாம் கரெக்ட்டுதான், முடிவத்தான் ஒத்துக்க முடியல. நேரம், விலை, டிக்கெட்டு, பஸ் நம்பர், இதுக்காக 2017 புக் வாங்கினா அது தண்டம், சரி. ஆனா வாசு சார் அப்பா கேக்கறது அதுக்கில்லையே?

அந்த ஹாகியா சோஃபியா மாடியவே எடுத்துக்குங்க. 25 யூரோ கட்டி மேல போற கூட்டத்த பாருங்க, பாதி பேர் கைப்பிடி ஓரமா நின்னு கீழ ஹால வீடியோ எடுத்துட்டு இறங்கிடறாங்க. தெற்கு பக்கம் டீசிஸ்னு ஒரு மொசைக் (சின்னச் சின்ன கல்லா பதிச்ச படம்) இருக்கு, சர்ச்சா இருந்த காலத்துது, 13-ஆம் நூற்றாண்டுது, நடுவுல ஏசு, ரெண்டு பக்கமும் மேரியும் திருமுழுக்கு யோவானும், கீழ்ப்பாதி உதிர்ந்து போச்சு. அத ஏதோ சுவத்துல ஒரு பழைய படம்னு தாண்டிப் போறவங்கதான் ஜாஸ்தி. பக்கத்து ஜன்னல் இடதுபக்கம் இருக்கு, மூஞ்சில விழற நிழல பாத்தீங்கன்னா அந்த ஜன்னல்லேருந்து வெளிச்சம் வர்ற மாதிரியே கல்லு கல்லா பதிச்சிருக்கான். யாராவது சொல்லலைன்னா இத நாமளா எங்க கண்டுபிடிக்கப் போறோம்.

அதுக்கு எதிர்ல தரையில ஒரு கல்லு கிடக்கும், ஹென்ரிகுஸ் தாந்தோலோன்னு பேர் வெட்டியிருக்கும். 1204-ல சிலுவைப்போர்னு கெளம்பி வந்து இந்த ஊரையே கொள்ளையடிச்சாங்களே, அந்த கூட்டத்த ஓட்டிட்டு வந்த வெனிஸ் தலைவன் இவன்தான், கண்ணு தெரியாத கெழவன், அடுத்த வருஷம் இங்கயே செத்தான், இங்கதான் புதைச்சாங்க. கல்லு என்னவோ 19-ஆம் நூற்றாண்டுல வெச்சது. ஹிஸ்டரி வாத்தியாருக்கு அந்த எடத்துல காலே நகராது பாருங்க. இது எதுவும் 2017-க்கு அப்பறம் மாறலையே, மாறினது உள்ள போற வழியும் டிக்கெட்டும்தான்.

தோஹா_சுபா
நான் ரெண்டும் வெச்சிருந்தேன், போனும் புக்கும். புக்ல எனக்கு நெஜமா கை கொடுத்தது மோசடி பத்தின பக்கம். ஷூ பாலிஷ் போடறவர் நமக்கு முன்னாடி நடந்து போவாரு, பிரஷ் "தவறி" கீழ விழும், நாம பாவம்னு எடுத்துக் கொடுப்போம், அவர் நன்றியில உருகிப்போய் உக்காந்து நம்ம ஷூவுக்கு பாலிஷ் போட ஆரம்பிச்சுடுவாரு, கடைசில ஆஸ்பத்திரில கெடக்கற புள்ளை கதையோட ஒரு பெரிய தொகை. நான் படிச்சிட்டு போனதால கலாதா பாலம் பக்கத்துல ஒருத்தர் என் முன்னாடி பிரஷ்ஷ போட்டப்போ எனக்கு சிரிப்ப அடக்க முடியல, அவருக்கும் புரிஞ்சு போச்சு, அவரே எடுத்துட்டு போயிட்டாரு 😄

சாப்பாட்டு விஷயத்துல மட்டும் புக்க நம்பாதீங்க. நாங்க சைவம். புக்ல போட்ட ஓட்டல் எல்லாத்துலயும் கையில அதே புக்க வெச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரங்கதான் உக்காந்திருந்தாங்க. "ச்சீ கொஃப்தே"ன்னு ஒண்ணு உண்டு, பழைய புக்ல பச்சை கறின்னு எழுதியிருக்கும், அது பாரம்பரியமா செய்யறது. தெருக்கடைல விக்கறதுல கறியே கிடையாது, உடைச்ச கோதுமைல மிளகா விழுது எல்லாம் போட்டு பிசைஞ்சு, மெல்லிசு ரொட்டில கீரையோட சுருட்டி, எலுமிச்சை பிழிஞ்சு மாதுளை புளிச்சாறு ஊத்தி தருவாங்க, காரமா நம்ம நாக்குக்கு ஏத்த மாதிரி இருக்கும். பருப்பு சூப் (மெர்ஜிமெக்) எங்கயும் கிடைக்கும், ஆனா சில கடைல கறி வேகவெச்ச தண்ணிலதான் செய்வாங்க, கேட்டுட்டு குடிங்க.

நெட்பேக்_கார்த்தி
ராஜி அக்கா, அந்த மொசைக் கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா அத போன்ல படிச்சா ஆகாதா? அதே மேட்டர் நெட்லயும் இருக்கே. ஆஃப்லைன் மேப் எறக்கிட்டா வழியும் ஆச்சு.

பழையபேப்பர்_ராஜி
இருக்கு தம்பி, ஆனா தேடறதுக்கு அது இருக்குன்னு மொதல்ல தெரியணும்ல. போன்ல "இஸ்தான்புல் பாக்க வேண்டிய பத்து எடம்"னு போட்டா அதே பத்து எடம்தான் சுத்தி சுத்தி வரும். ருஸ்தெம் பாஷா மசூதி இருக்கு, எமினொனு மசாலா பஜார்லேருந்து எட்டிப்புடிக்கற தூரம், ஆட்டோமன் சுல்தான்களோட தலைமை கட்டடக்காரர் சினான் கட்டினது, 1560-கள்ல. மேப்ல புள்ளி வெச்சிருக்கும், அங்க போய் நின்னா பாத்திரக்கடையும் மரக்கரண்டி விக்கற கடையும்தான் தெரியும், மசூதியே கண்ணுல படாது, ஏன்னா கீழ பூரா கடை, மசூதி அதுக்கு மேல மாடில இருக்கு. ரெண்டு கடைக்கு நடுவுல இருக்கற குறுகலான படிக்கட்ட புடிச்சு ஏறணும். மேல போனா வராண்டா, உள்ள சுவரெல்லாம் இஸ்னிக்ங்கற ஊர்ல செஞ்ச கலர் ஓடு, நீலத்துக்கு நடுவுல தக்காளிச் சிவப்பு கொஞ்சம் மேடா பூசின மாதிரி தூக்கலா நிக்கும். நீல மசூதில லைன்ல நின்னு பாக்கற ஓடுங்களவிட இது ஒசத்தின்னு சொல்றவங்க நெறைய பேர், நானும் அந்த கட்சிதான்.

வாசு சார், நீங்க ரெண்டாயிரம் போட்டு ஓட்டல் லிஸ்ட் புக் வாங்கறதவிட, தேடிப் பாத்து "ஸ்ட்ரோலிங் த்ரூ இஸ்தான்புல்" வாங்குங்க. 1972-ல வந்தது, எழுதின ஹிலரி சம்னர்-பாய்டு, ஜான் ஃப்ரீலி ரெண்டு பேரும் அந்த ஊர் ராபர்ட் காலேஜ் வாத்தியாருங்க. ஏரியா ஏரியாவா நடந்து போற மாதிரி எழுதியிருக்கும். இங்கிலீஷ் கொஞ்சம் பழைய ஸ்டைல், உங்க பொண்ணு ரெண்டு பக்கத்துல தூங்கிடுவா, அப்பா விடமாட்டாரு.

தோஹா_சுபா
+1. ஆனா எந்த வாரநாள் எது லீவுங்கறத மட்டும் தனியா எழுதி வெச்சுக்குங்க. டோப்காபி அரண்மனை செவ்வாய் லீவு, டோல்மாபாச்சே அரண்மனை திங்கள், கிராண்ட் பஜார் ஞாயிறு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்துல மசூதிங்க பக்கம் போகாதீங்க, டூரிஸ்ட்ட விடமாட்டாங்க. போறதுக்கு முந்தின நாள் அவங்க வெப்சைட்டயும் ஒரு தடவ பாத்துடுங்க.

கோவை_வாசு
எல்லாருக்கும் நன்றிங்க. அப்பாகிட்ட அந்த தாந்தோலோ கல்லு விஷயத்த படிச்சு காட்டினேன், மனுஷன் உடனே நாலாவது சிலுவைப்போர்லேருந்து ஆரம்பிச்சுட்டாரு, சாப்பாடு ஆறிப்போச்சு. ராஜி மேடம் சொன்ன புக்க சொல்லி வெச்சுட்டேன், 2017-து வேண்டாம்னு விட்டாச்சு. ஒண்ணே ஒண்ணு, அப்பாக்கு முட்டி வலி. அந்த ஊர் மேடு பள்ளமா இருக்கும்கறாங்களே, நடக்கற புக் வாங்கி நடக்க முடியாம போயிடுமோ?

பழையபேப்பர்_ராஜி
மேடுதான் சார், மேப்ல அரை கிலோமீட்டர்னு காட்டும், போனா பூரா படிக்கட்டா இருக்கும். அதனால புக்ல இருக்கற வரிசைய அப்படியே புடிச்சுக்க வேண்டாம், மேலேருந்து கீழ வர்ற மாதிரி திருப்பிக்குங்க. டி1 டிராம்ல பெயாசித் ஸ்டாப்ல இறங்கி, யூனிவர்சிட்டி பக்கமா சுத்திக்கிட்டு சுலைமானியே மசூதி. அதுவும் சினான் கட்டினதுதான், 1557. பின்னாடி தோட்டத்துல சுலைமான் சுல்தான் சமாதி, பக்கத்துலயே அவர் பொண்டாட்டி ஹுர்ரம் சமாதி. மதில் ஓரம் உக்காந்தா கோல்டன் ஹார்ன் (ஊருக்குள்ள நீளமா நுழையற கடல் கழி) முழுசா தெரியும், அங்க அப்பாவ ஒரு அரைமணி உக்கார வெச்சு டீ வாங்கிக் கொடுங்க. அங்கேருந்து ருஸ்தெம் பாஷாவுக்கு எறக்கம்தான், எமினொனு வரைக்கும். கடைசில படகுத்துறைல, எதிர்க்கரைல ஆசியா பக்கம் இருக்கற காதிக்கொய் போற ஃபெர்ரி ஏறிடுங்க, டிராமுக்கு வாங்கின இஸ்தான்புல்கார்ட்டே போதும், ஒரே கார்டை நாலு பேருக்கும் தட்டலாம். சுபா சொன்ன ச்சீ கொஃப்தே காதிக்கொய் மார்க்கெட்ல கிடைக்கும்.