ஹெட்: தலையா, உயரமா?

பம்புக் கையேட்டின் தமிழ் வரைவில் ‘ஹெட்’ (head: நீரின் ஆற்றலை அதற்கீடான நீர் உயரமாக மீட்டரில் சொல்லும் அளவு) வருமிடமெல்லாம் சொல் தடுமாறுகிறது. ஓரிடத்தில் ‘அழுத்தத் தலை’, அடுத்த பக்கத்தில் வெறும் ‘அழுத்தம்’. ஓடும் பாய்மத்தின் ஆற்றல் கணக்கான பெர்னௌலி சமன்பாட்டை ஓரலகு எடைக்கு எழுதினால் அழுத்தம், வேகம், நிலை மூன்றும் மீட்டரில் வந்து நிற்கும். ஆகவே ‘உயரம்’ போதும் என்பது என் கருத்து: அழுத்த உயரம், வேக உயரம், நிலை உயரம்.

---

> ‘அழுத்தத் தலை’

தலையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம், ஐயா. தலைமடை, தலைமதகு, தலைவாய்க்கால் என்று நீர்வழியில் ‘தலை’ நெடுநாளாகப் புழங்குகிறது.

---

அவையெல்லாம் இடத்தைக் குறிப்பவை. ஹெட் ஓர் அளவு. ‘18 மீட்டர் தலைமடை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘உராய்வால் தலை இழப்பு’ என்று அச்சிட்டால் படிப்பவர் சிரிப்பார்.

‘அழுத்தம்’ என்பது அதைவிடப் பெரிய பிழை. மையவிலக்குப் பம்பு 20 மீட்டர் ஹெட் தருகிறது என்றால், பாகுநிலை பெரிதும் மாறாதவரை தண்ணீருக்கும் உப்புக்கரைசலுக்கும் அதே 20 மீட்டர்தான். அழுத்தமோ தண்ணீருக்கு 1.96 பார், அடர்த்தி 1.2 மடங்கான கரைசலுக்கு 2.35 பார். மோட்டார் இழுக்கும் திறனும் அதே 1.2 மடங்காகும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மோட்டாரைத் தவறாகத் தேர்ந்தெடுத்துச் சுருளைக் கருக்கிவிடுவார்கள்.

---

தலையும் அழுத்தமும் கழிந்தன, சரி. ஆனால் வெறும் ‘உயரம்’ எனக்கு அச்சம் தருகிறது. பம்பு வாங்குவோர் செய்யும் முதல் தவறே, ஹெட் என்றால் கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரை அளந்த உயரம் என்று நினைப்பதுதான். அந்தத் தவறுக்கு நாமே பெயர் சூட்டலாமா?

கணக்கைப் பாருங்கள். செங்குத்து உயரம் 18 மீட்டர். குழாய் நீளம் 100 மீட்டர், உள்விட்டம் 50 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 2 மீட்டர் (நொடிக்கு ஏறத்தாழ 3.9 லிட்டர்). வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் 0.2 மீட்டர், இதுதான் வேக ஹெட். உராய்வுக் கெழு 0.02 என்றால், டார்சி–வைஸ்பாக் சமன்பாட்டின்படி உராய்வுக்கு மட்டும் 8.2 மீட்டர். முழங்கை, வால்வுகளுக்கு இன்னொரு மீட்டர். தேவை 27 மீட்டருக்கு மேல். அதிகபட்ச ஹெட் 18 மீட்டராக உள்ள பம்பை மாட்டினால் தண்ணீர் குழாயில் ஏறி நிற்கும், தொட்டியில் விழாது.

செலவைக் குறைக்கிறேன் என்று 40 மில்லிமீட்டர் குழாய்க்குப் போனால் கதை கந்தல். அதே ஓட்டத்துக்கு உராய்விழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும்: 8.2 மீட்டர் 25 மீட்டராகிவிடும்.

எனவே ‘ஈட்டுயரம்’ என்கிறேன். ஈடு + உயரம், அதாவது உயரத்துக்கு ஈடாகக் கணக்கிட்டது. அழுத்த ஈட்டுயரம், வேக ஈட்டுயரம், உராய்வு ஈட்டுயரம், மொத்த ஈட்டுயரம். நாடாவால் அளக்கக்கூடிய ‘நிலை உயரம்’ மட்டும் உயரமாகவே இருக்கட்டும்.

---

> உயரத்துக்கு ஈடாகக் கணக்கிட்டது

காதுக்கு ‘ஈட்டிய உயரம்’ போல ஒலிக்கிறதே! தவிர, வேக ஹெட் வெறும் கணக்கும் அல்ல. வேகம் அளக்கும் வளைந்த பீட்டோ குழாயின் வாயை ஓடும் நீருக்கு எதிராகத் திருப்பி வைத்தால், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 20 சென்டிமீட்டர் கண்ணெதிரே ஏறும்.

---

ஏறும், ஆனால் குழாய்க்குள் அந்த 20 சென்டிமீட்டர் எங்கும் உயரமாக இல்லை, நிறுத்திப் பார்த்தால்தான் உயரமாகிறது. ‘ஈடு’ சொல்வதும் அதைத்தான். ‘ஈட்டிய’ என்ற மயக்கம் வாக்கியத்தில் தானே தெளிந்துவிடும். ‘ஈட்டுத்தொகை’யை நாம் குழப்பிக்கொள்வதில்லையே.

ஒரே உறுத்தல் உறிஞ்சு பக்கம். ‘நிகர நேர் உறிஞ்சு ஈட்டுயரம்’ (NPSH) மூச்சு முட்டுகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் நீருக்கு ஈடு. 80 பாகை செல்சியஸ் நீரில் ஆவியழுத்தமே 5 மீட்டரைத் தின்றுவிடும். மிஞ்சுவதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. ‘உறிஞ்சு மிச்சம்’ என்று சுருக்கினால் பொருளும் கெடாது.

---

‘உறிஞ்சு மிச்சம்’ அருமை. வரைவில் மாற்றத் தொடங்குகிறேன். முதலில் வருமிடத்தில் மட்டும் ‘ஈட்டுயரம் (ஹெட்)’ என்று எழுதுவோம்; பம்பின் பெயர்ப்பலகையில் இருப்பது ‘ஹெட்’தான். மொத்தமாகத் தேடி மாற்றும்போது ‘நிலை உயரம்’ என்றிருப்பதைத் தொட்டுவிடாதீர்கள்.