காலிமுகத்திடலுக்குப் போனவர்களும் போகாதவர்களும்: 2022 அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைப் பதவி விலகச் சொல்லி 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் கூடாரம் அடித்து நடந்த போராட்டம் புரட்சியா என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜூலை 9 இல்லை, மே 18. ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஆட்கள் குதித்த படத்தை உலகமே பார்த்துவிட்டது. அதற்கு முன்னமே, மே 18இல், காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள்; 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட தமிழ்ச் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக. வடக்கில் அந்த நாளுக்கு விளக்கேற்றப் போனால் பொலிசும் தடையுத்தரவும் கூடவே வந்த காலம் உண்டு. இங்கே ஜனாதிபதி செயலகத்துக்கு எதிரிலேயே, சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள்.

பக்கத்தில் நின்ற ஒருவர், ஐம்பது வயது இருக்கும், "2019இல் நானும் கோட்டாவுக்குத்தான் போட்டேன்" என்று தானாகச் சொன்னார். அந்த 69 லட்சத்தில் ஒருவர். பிறகு, கஞ்சியில் ஏன் ருசியே இல்லை என்று கேட்டார். அன்றைக்கு அங்கே அதுதான் கிடைத்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்களுக்கு டிவியில் வேறு கதை காட்டினார்கள்" என்றார். அது போதாதுதான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் அவர் வாயிலிருந்து அதுவும் வந்திருக்காது.

கிளிநொச்சியிலிருந்து:

அண்ணை, இந்தப் பக்கத்தையும் கேளுங்கோ. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இங்கே கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் உட்கார்ந்தவர்கள். கொழும்பில் கூடாரம் அடித்தபோது அதற்கு ஐந்து வருடம் கடந்துவிட்டது. ஒரு அம்மாவிடம், "கோட்டாவைப் போகச் சொல்லிக் கத்துகிறார்கள், சந்தோஷமா?" என்று கேட்டேன். "அவர் போனால் ஆரிட்டத் தம்பி என்ர பிள்ளையைக் கேக்கிறது?" என்றா. 2009இல் பாதுகாப்புச் செயலாளர் அவர்தானே. எனக்குப் பதில் வரவில்லை.

வடக்கில் நிறையப் பேர் ஒதுங்கி நின்றதை அக்கறையின்மை என்று சொல்வது எனக்குக் கோபம் வரும் விஷயம். போர்க்காலத்தில் அரசு வடக்குக்குப் பொருட்கள் வரவிடாமல் போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்த சனம் இது. அப்போது எங்களுக்காகக் கொழும்பு தெருவுக்கு வந்ததாக ஞாபகம் இல்லை.

ஹட்டனிலிருந்து:

தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலையகத்தை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள், அது வழக்கம்தான், சரி! கோட்டா ஓடிய பிறகு என்ன நடந்தது? ஜூலை 20 அன்று அதே பாராளுமன்றம் 134 வாக்கில் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதி ஆக்கியது. 22ஆம் தேதி விடியமுன் இராணுவம் கூடாரங்களைப் பிரித்தது. எங்களுக்கு அடி 2021இலேயே விழுந்துவிட்டது. இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியதில் தேயிலைக் கொழுந்து குறைந்தது. வருடக்கணக்காகக் கேட்டு அந்த வருடம்தான் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வந்திருந்தது. ரொட்டிக்கு மா வாங்கவே அது கரைந்தது.

என் கண்ணால் கண்ட மாற்றம் 2024 தேர்தலில்தான். தொழிற்சங்கம் காட்டிய சின்னத்துக்கே இதுவரை போட்டு வந்த அம்மா, அந்த முறை தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "சும்மா போட்டுப் பார்த்தேன். தலைவருகிட்ட சொல்லிறாத" என்றார்.