ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகங்களும் நூலகங்களும் ஒரே நிறுவனமா, பல நிறுவனங்களா?

கேள்வி – ஏடுதேடி

அன்பர்களுக்கு வணக்கம். தொடக்ககாலத் தமிழ் அச்சு நூல்களைப் பற்றிய குறிப்புகளைச் சில ஆண்டுகளாகத் திரட்டி வருகிறேன். போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தன (பாவ அறிக்கை) நூலின் படி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருப்பதாக அறிந்து, அதைப் பார்வையிட எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். தேடிய இடமெல்லாம் ‘தோட்டங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள்’ என்ற பொதுப் பெயர் தென்பட்டது. ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம், தாவரவியல் தோட்டம் ஆகிய அனைத்தும் அந்தப் பெயரின்கீழ் வருகின்றன. இவை அனைத்துக்கும் ஒரே தலைமையும் ஒரே அட்டவணையும் உண்டா, அல்லது பெயரளவில் மட்டும் சேர்ந்து நிற்கும் தனித்தனி நிறுவனங்களா? ஆஷ்மோலியன் வாங்கிய திருமங்கை ஆழ்வார் செப்புத் திருமேனியைத் திருப்பித் தருவது பற்றிய முடிவை அருங்காட்சியகம் எடுத்ததா, பல்கலைக்கழகம் எடுத்ததா என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – பழஞ்சுவடி

உங்கள் கேள்வியின் முதற்பகுதிக்கு ‘இரண்டும்தான்’ என்பதே விடை. அது மழுப்பலாகத் தோன்றலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பொதுப் பெயர் பல்கலைக்கழகத்தின் ஒரு நிர்வாகப் பிரிவைக் குறிக்கிறது. பாட்லியன் நூலகங்கள், ஆஷ்மோலியன், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பிட் ரிவர்ஸ், அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம், தாவரவியல் தோட்டமும் அதனோடு இணைந்த ஹார்கோர்ட் மரப்பூங்காவும் என ஆறு உறுப்புகள் அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி இயக்குநரோ நூலகரோ உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிக் காலத்தில் தோன்றியது. தோட்டம் 1621இல் மருத்துவ மூலிகைகளுக்காக அமைக்கப்பட்டது. பாட்லியன் அதற்கும் முன்னதாக 1602இல் திறக்கப்பட்டது. பிட் ரிவர்ஸ் 1884இல்தான் வந்தது.

ஆயினும் இவற்றின் சேகரிப்புகள் தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ட்ரடெஸ்கன்ட் என்னும் பெயர் கொண்ட தந்தையும் மகனும் சேர்த்த அரும்பொருள்கள் எலியாஸ் ஆஷ்மோலின் கைக்கு வந்து, அவர் வழியாகப் பல்கலைக்கழகத்தை அடைந்தன. அவற்றை வைப்பதற்கென்றே 1683இல் ஆஷ்மோலியன் திறக்கப்பட்டது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைகள் பிரியப் பிரிய அந்த ஒரே சேகரிப்பும் பிரிந்தது. உயிரினப் பொருள்கள் 1860இல் எழுந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும், நூல்களும் கையெழுத்துப் படிகளும் பாட்லியனுக்கும், இனவரைவியல் பொருள்களில் பல பின்னர் பிட் ரிவர்ஸுக்கும் சென்றன. ஆஷ்மோலியன் குடியிருந்த பழைய கட்டடத்தில் இப்போது அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அற்றுப்போன டோடோ பறவையின் தலையும் காலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை ட்ரடெஸ்கன்ட் சேகரிப்பிலிருந்து வந்தவை. பாகப்பிரிவினை செய்துகொண்ட ஒரு கூட்டுக்குடும்பம் மீண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தது போன்றது இது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எனவே, ஒரு பொருளின் வரலாற்றைத் தேடுபவர் அது இன்று இருக்கும் இடத்தின் பதிவேட்டோடு நின்றுவிடக் கூடாது. பொருள் ஓர் அருங்காட்சியகத்திலும் அதைப் பற்றிய பழைய கையெழுத்துக் குறிப்பு பாட்லியனிலும் இருக்கக்கூடும்.

மறுமொழி 2 – வாசகசாலை

நூலைப் பார்ப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானே அங்கு வாசகராகச் சேர்ந்து படித்திருக்கிறேன்.

அந்தப் பொதுப் பிரிவுக்கு என்று தனி விண்ணப்பம் எதுவும் கிடையாது; நீங்கள் பாட்லியனிடம்தான் வாசகர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தைச் சேராதவர்களும் அடையாளச் சான்றுகளைக் காட்டி, தங்கள் ஆய்வுக்கு அந்நூலகம் ஏன் தேவை என்பதை விளக்கி அட்டை பெறலாம். சேரும்போது ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். நூலகத்துக்குள் நெருப்பைக் கொண்டுவரவோ மூட்டவோ மாட்டேன் என்ற வாசகம் அதில் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை; ஆனால் நானூறு ஆண்டுக் காகிதங்கள் அந்தக் கட்டடத்தில் தப்பிப் பிழைத்திருப்பதைப் பார்த்தபின் சிரிப்பு அடங்கிவிட்டது.

பாட்லியனின் முதன்மை நூலகம் நூல்களை வெளியே கொடுப்பதில்லை. 1645இல் மன்னர் முதலாம் சார்லஸ் கேட்டபோதும் விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள் என்றால், நமக்கு எப்படிக் கொடுப்பார்கள்? கடன் கொடுக்காத இந்த நூலகம் பெற்றுக்கொள்வதில் மட்டும் தாராளமானது. லண்டன் அச்சிடுவோர் சங்கத்துடன் 1610இல் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து தொடங்கி, இன்று சட்டப்படி நூல்களைப் பெறும் உரிமை கொண்ட ஆறு நூலகங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. இடப் பற்றாக்குறையால், பெருமளவு நூல்கள் ஸ்விண்டனில் 2010இல் திறக்கப்பட்ட சேமிப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

அரிய நூல்களையும் சுவடிகளையும் பாட்லியனைச் சேர்ந்த வெஸ்டன் நூலகத்தின் வாசிப்பறையில்தான் பார்க்க முடியும். புறப்படும் முன்பே நூலின் அழைப்பெண்ணை (அட்டவணையில் அதற்குரிய எண்) குறித்துக்கொண்டு, அந்தப் படியை நேரில் காட்டுவார்களா, அதன் படத்தை மட்டும் தருவார்களா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். நான் அப்படிக் கேட்காமல் போய், பார்க்க விரும்பிய ஒன்று செப்பனிடும் பிரிவில் இருந்ததால் இரண்டு நாட்களை வீணாக்கினேன்.

மறுமொழி 3 – கல்வெட்டடி

திருமேனி பற்றிய வினாவுக்கு வருகிறேன். இந்த அமைப்பின் உண்மையான வடிவம் அங்கேதான் தெரிகிறது.

ஆஷ்மோலியன் அந்தச் சிலையை 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் அதே சிலை 1957இல் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆவணத்தில் இருப்பதை ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். அதன்பின் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தந்தது. இந்தியாவின் கோரிக்கையை 2024 மார்ச்சில் ஏற்றது அருங்காட்சியகம் அன்று, பல்கலைக்கழகப் பேரவை. சட்டத்தின் கண்ணில் பொருளின் உடைமையாளர் பல்கலைக்கழகமே. அருங்காட்சியகம் அதன் பராமரிப்பாளர்.

பேரவையின் முடிவும் இறுதியானதன்று. பல்கலைக்கழகம் ஓர் அறநிறுவனம் என்பதால், தன் உடைமையை அறநெறிக் காரணத்துக்காக விட்டுக்கொடுக்க இங்கிலாந்தின் அறநிறுவன ஆணையத்தின் இசைவையும் நாட வேண்டியிருந்தது. இதைத் தாமதத்துக்கான சாக்கு என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை எண்ணிப் பாருங்கள்: 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அறங்காவலர்களின் கைகளைக் கட்டிவைத்திருப்பதால், மனம் இருந்தாலும் அவர்களால் சேகரிப்பிலிருந்து எளிதில் எதையும் விடுவிக்க முடியாது. பல்கலைக்கழக அருங்காட்சியகங்களுக்கு அந்தத் தடை இல்லை. இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய பெனின் அரசின் வெண்கலப் பொருள்களில் 97ஐ நைஜீரியாவுக்குத் திருப்பித் தரலாம் என்று 2022இல் இதே பேரவைதான் ஒப்புக்கொண்டது. அப்பொருள்கள் பிட் ரிவர்ஸ், ஆஷ்மோலியன் ஆகிய இரண்டிலும் இருந்தன. முடிவோ ஒன்றாகவே எடுக்கப்பட்டது. உங்கள் முதற்கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை: அன்றாடக் காரியங்களில் அவை பல, உடைமையில் ஒன்று.

ஏடுதேடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாசகசாலை அவர்கள் சொன்னபடி பாட்லியனுக்கு முதலில் எழுதுகிறேன். ஒரு சிறு ஐயம்: தமிழகப் பொருள்கள் பிட் ரிவர்ஸில் தனிக்கூடமாக வைக்கப்பட்டிருக்கின்றனவா?

மறுமொழி 4 – பழஞ்சுவடி

இல்லை. அங்கே நாடுவாரியாகப் பொருள்களை அடுக்கும் வழக்கம் இல்லை. நிறுவனர் ஜெனரல் பிட் ரிவர்ஸின் முறைப்படி விளக்குகளோடு விளக்குகளும் பூட்டுகளோடு பூட்டுகளும் இசைக்கருவிகளோடு இசைக்கருவிகளும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒரே பேழையில் இருக்கும். ஆகவே தமிழகப் பொருள்கள் கூடமெங்கும் சிதறிக் கிடக்கும். இணைய அட்டவணையில் ஊர்ப் பெயரை இட்டுத் தேடுவதே வழி, அதையும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தஞ்சாவூரை ‘டேஞ்சூர்’ (Tanjore) என்றும் தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ (Tuticorin) என்றும் இட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: கல்லூரிகளின் நூலகங்களும், கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் ஓவியக்கூடம் போன்றவையும் இந்தப் பிரிவில் சேராதவை. அவை அந்தந்தக் கல்லூரிக்கே உரியவை என்பதால், ஏதேனும் ஒரு சுவடி கல்லூரியில் இருப்பதாகத் தெரிந்தால் பாட்லியனுக்கு எழுதிக் காத்திருக்காமல் அந்தக் கல்லூரி நூலகருக்கே நேரடியாக எழுதுங்கள்.