எட்டு இதழ் வாங்கியும் முடிவு கிடைக்கவில்லை: சூப்பர்ஹீரோ பெருந்தொடர்கள் ஏன் ஏமாற்றுகின்றன?

பரண்வாசி:
மார்வெல் காமிக்ஸ் நிறுவனம், தன் நாயகர்கள் பலரையும் ஒரே கதையில் சேர்க்கும் பெருந்தொடராக 2008-இல் எட்டு இதழ்களில் வெளியிட்ட ‘சீக்ரெட் இன்வேஷன்’ தொடரை இந்த வாரம் மறுபடியும் படித்தேன். அன்று வந்த எரிச்சல் இன்றும் குறையாமல் வந்தது. உருமாறும் வேற்றுக்கிரகவாசிகளான ஸ்க்ரல்கள் நாயகர்களைக் கடத்திவிட்டு, அவர்களுடைய வேடத்தில் பல காலமாக உலவுகிறார்கள் என்பது எவ்வளவு அருமையான கரு! அதற்கு முந்தைய ஆண்டில், ‘நியூ அவெஞ்சர்ஸ்’ 31-ஆம் இதழில் கொலைகாரி எலெக்ட்ராவின் பிணம் ஸ்க்ரலாக மாறியபோது, இனி எவரை நம்புவது என்று நானும் அந்தக் குழுவினரோடு சேர்ந்து தவித்தேன். அந்தத் தவிப்பை வைத்தே எட்டு இதழையும் நடத்தியிருக்கலாம். ஆனால் கதை பாதியிலேயே அடிதடிக்குத் தாவி, சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெரும் சண்டையாக முடிந்துபோனது. முடிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வில்லன் நார்மன் ஆஸ்பார்ன் ஸ்க்ரல் அரசியைச் சுட்டு வீழ்த்தி, அதன் பரிசாக அதிகாரத்தைப் பெற்று, ‘டார்க் ரெய்ன்’ என்ற அடுத்த கட்டத்துக்கு வாசலைத் திறந்துவிடுகிறான். அந்தப் போரில் உயிர்விட்ட நாயகி வாஸ்ப் 2012-இல் திரும்பி வந்துவிட்டாள். பிறகு எதற்காக நான் வருந்தினேன்?

தொகுப்புப் பிரியன்:
ஐயா, தங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் ஒரு தொடரின் குறையை மொத்த வகையின் தலையிலும் கட்டுவது நியாயமில்லை. ஜோனதன் ஹிக்மன் எழுத, எசாட் ரிபிச் வரைந்த 2015-ஆம் ஆண்டின் ‘சீக்ரெட் வார்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 முதல் இரண்டு அவெஞ்சர்ஸ் தொடர்களில் ஹிக்மன் பொறுமையாக விதைத்தவற்றின் அறுவடை அது. அண்டங்கள் அனைத்தும் அழிந்தபின், எஞ்சிய துண்டுகளை ஒட்டவைத்து ஓர் உலகைக் கட்டி, அதற்குத் தானே கடவுளாக அமர்ந்திருக்கும் வில்லன் டாக்டர் டூம், தன் இடத்தில் தன் பழைய எதிரி ரீட் ரிச்சர்ட்ஸ் இருந்திருந்தால் இதைவிடச் சிறப்பாகச் செய்திருப்பான் என்று இறுதியில் ஒப்புக்கொள்கிறான். இத்தனை பெரிய கதையின் உச்சம், இரண்டு மனிதர்களுக்கு இடையிலான பழைய பொறாமையில் வந்து நிற்கிறது. இதை ஏமாற்றம் என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது.

பரண்வாசி:
நீங்கள் அதை ஒரே தொகுப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. நான் மாதா மாதம் காத்திருந்து படித்தவன். எட்டு இதழ் என்று அறிவிக்கப்பட்டது ஒன்பதாகி, இறுதி இதழ் 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதற்குள், 2015 அக்டோபரிலிருந்தே, உலகம் மீண்டபிறகு நடக்கும் கதைகளைப் புதிய முதல் இதழ்களாகக் கடையில் அடுக்கிவிட்டார்கள். உலகம் பிழைக்குமா என்று கதை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பிழைத்த உலகம் பக்கத்து அலமாரியில் இருந்தது! பந்தி முடியுமுன்னே இலையை எடுத்ததுபோல் ஆயிற்று.

தொகுப்புப் பிரியன்:
அது பதிப்பக அட்டவணையின் குற்றம்; எழுத்தாளரின் குற்றமல்ல.

பரண்வாசி:
வாசகனுக்கு இரண்டும் ஒன்றுதான், நண்பரே. பதிப்பகம் அட்டவணை போடாமல் இந்த வகைக் கதை பிறப்பதே இல்லை. 1984-இல் வந்த முதல் ‘சீக்ரெட் வார்ஸ்’ மாட்டெல் நிறுவனத்தின் பொம்மை வரிசைக்குத் துணையாகத்தானே உருவானது?

நடுப்பக்கம்:
இருவரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் ‘ஃபைனல் க்ரைசிஸ்’ ஏழு இதழ்களையும் 2008-09-இல் ஒன்றுவிடாமல் வாங்கினேன். ஏழாம் இதழில், முதன்மை வில்லன் டார்க்சைட் வீழ்ந்தபின், மாண்ட்ராக் என்ற புதிய எதிரி எங்கிருந்தோ வந்து நிற்கிறான். யார் இவன் என்று விளங்காமல் விழித்தேன். அவன் ‘சூப்பர்மேன் பியாண்ட்’ என்ற தனி இணைப்புத் தொடரில் அறிமுகமானவன் என்று பிறகுதான் தெரிந்தது. பிரதான தொடரை முழுமையாகப் படித்தவனுக்கே அதன் முடிவு புரியவில்லை என்றால், அங்கே வாசகன் மீது பழி சொல்ல என்ன இருக்கிறது?

தொகுப்புப் பிரியன்:
பின்னாளில் வந்த தொகுப்பில் அந்த இணைப்பையும் உரிய இடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

நடுப்பக்கம்:
அதாவது, அது அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

தொகுப்புப் பிரியன்:
சரி, அந்த இடத்தில் நான் தோற்றேன். ஆயினும் 2006-ஐ நினைத்துப் பாருங்கள். மார்வெலின் பெரிய நாயகர்கள் அனைவரும் ‘சிவில் வார்’ தொடரில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், விண்வெளியின் ஓரத்தில் கீத் கிஃபனின் ‘அனைஹிலேஷன்’ நடந்தது. நோவா, ரோனன், சூப்பர் ஸ்க்ரல் என்று பலரும் மறந்துபோயிருந்தவர்களுக்கு முதலில் தனித்தனிக் குறுந்தொடர் கொடுத்து, அவர்களை நமக்குப் பழக்கிவிட்டு, அதன் பிறகே ஆறு இதழ்ப் போரைத் தொடங்கினார்கள். இணைப்புகள் கதைக்கு உரமாக இருந்தன. அந்தப் போரில் யார் சாவார் என்று உண்மையிலேயே தெரியாது. ஏனெனில் அவர்களில் எவருக்கும் மாத இதழ் ஓடிக்கொண்டிருக்கவில்லை, காப்பாற்றியே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை.

பரண்வாசி:
இப்போது என் வாதத்தை நீங்களே எடுத்து முடித்துவிட்டீர்கள். விற்பனைக்கு இன்றியமையாத நாயகனைச் சாகவிட முடியாது. அவன் சாகமாட்டான் என்று தெரிந்தபின் பெருந்தொடரில் பதைப்பதற்கு ஒன்றுமில்லை. 1985-இல் டிசியின் ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ எட்டாம் இதழில், ஃப்ளாஷ் என்ற அதிவேக நாயகனாக இருந்த பேரி ஆலன் இறந்தபோது அந்த மரணம் ஏறத்தாழ 23 ஆண்டுகள் நிலைத்தது. அவனுடைய இடத்தை வாலி வெஸ்ட் ஏற்றான். ஒரு தலைமுறை வாசகர்களுக்கு அவனே ஃப்ளாஷ். பேரியைத் திருப்பிக் கொண்டுவந்தது எது தெரியுமா? நடுப்பக்கத்தைக் குழப்பிய அதே ‘ஃபைனல் க்ரைசிஸ்’தான்.

நடுப்பக்கம்:
அவன் திரும்பி வந்த பக்கம் மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

தொகுப்புப் பிரியன்:
பரண்வாசி ஐயா, ‘அனைஹிலேஷன்’ தங்களிடம் இல்லையென்றால் முன்னோட்ட இதழிலிருந்து தொடங்குங்கள். நேரே ஆறு இதழ்ப் போருக்குள் நுழைந்துவிட்டு, பிறகு இங்கே வந்து என்னோடு சண்டைக்கு நிற்காதீர்கள்.