"கருவாயா" என்பது செல்லப்பெயரா, நிறவெறியா?

மதுரைவீரன்82:
பள்ளி நண்பர்கள் சந்திப்பு போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டு, கீழே "என்னடா கருவாயா, இளைச்சுட்ட" என்று ஒருத்தனை விசாரித்திருந்தேன். காலேஜ் படிக்கும் அவன் மகள், "அங்கிள், இது நிறவெறி. எங்கப்பாவை அப்படிக் கூப்பிடாதீங்க" என்று பதில் போட்டிருக்கிறாள். முப்பது வருஷமாக அவனுக்கு அதுதான் பெயர். நான் அவனுக்குச் சொட்டை. நானும் கருப்புதான். இதில் வெறி எங்கே வந்தது?

நெய்தல்:
அண்ணே, வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் டேரன் சமி விஷயம் ஞாபகம் இருக்கா? ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது அவரையும் இலங்கை வீரர் திசர பெரேராவையும் இந்தியில் "காலு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பலசாலி என்று ஏதோ அர்த்தம் போல என நினைத்திருந்தார். அதற்குக் கருப்பன் என்று அர்த்தம் எனத் தெரிந்ததும், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவர் போலீஸால் கொல்லப்பட்ட அடுத்த மாதம், 2020 ஜூனில், வெளிப்படையாகக் கோபப்பட்டார்.

மதுரைவீரன்82:
அதே சமி, கூட ஆடிய ஒருவரிடம் பேசிவிட்டு, அன்பில் சொன்னதுதான் என்று ஏற்றுக்கொண்டாரே. அதை ஏன் விட்டுவிட்டீங்க?

நெய்தல்:
விடலை. அவர் கேட்டார், அவங்க விளக்கினாங்க, அப்புறம்தான் ஏற்றுக்கொண்டார். நீங்க உங்க நண்பரைக் கேட்டீங்களா? நம்ம சென்னை அபினவ் முகுந்த், இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர். 2017 ஆகஸ்டில் தன் நிறத்தைப் பழித்தவர்களுக்கு ட்விட்டரில் பதில் எழுத வேண்டியிருந்தது. வெயிலில் ஆடிக் கருத்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை என்று எழுதினார். அவருக்கே அந்த நிலைமை.

செம்மண்:
ஆம்பளைங்க இதைப் பட்டப்பெயராகவே பார்க்கறீங்க. என் நிச்சயதார்த்த போட்டோவுக்குக் கீழே சொந்த அத்தை மகன் "லைட்டைப் போடுங்கப்பா, பொண்ணைக் காணோம்"னு எழுதினான். நாற்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டாரும் அதைப் படிச்சாங்க. அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரைத்தான் மாத்திச்சு, டியூப் இன்னும் எங்க வீட்டு அலமாரியில இருக்கு.

மதுரைவீரன்82:
அது வன்மம், தங்கச்சி. நான் சொன்னது அதுவா?

செம்மண்:
அவனும் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்னான், அண்ணா.

மதுரைவீரன்82:
நேற்று அவனுக்கு போன் போட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லடா. பாப்பாவையும் ஸ்கூல்ல அப்படித்தான் கூப்பிட்டாங்க, அதான் அவளுக்குச் சுருக்குனு ஆயிடுச்சு"ன்னான். கமெண்டை எடுத்துட்டேன். ஆனா நேர்ல பார்த்தா அவன் எனக்குக் கருவாயன்தான், நான் அவனுக்குச் சொட்டைதான். அதை நிறவெறின்னு ஒத்துக்க மாட்டேன்.

நெய்தல்:
பாப்பா பக்கத்துல இருந்தா?